ஒன்றரை நிமிஷத்துக்குப் பிறகு

முப்பிடாதி அக்கா அன்று பரீட்சைக்கு ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தார். வயிற்றில் ஐந்தாம் மாதம். பதினொரு வருஷம் காத்திருந்து தங்கிய பிள்ளை. பழுதான இதயத்தை வைத்துக்கொண்டு அதைப் பெற்றெடுக்க முடியுமா, முடியாதா? ஒரு டாக்டர் வாயால் அதைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். அன்று காலை பன்னிரண்டு பேர் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தோம். பதினொரு பேருக்கு அவர் கர்ப்பமாக இருப்பதே தெரியாமல் போனது. அந்தப் பதினொரு பேரில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான், ஹெப்சிபா.

நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் எரிச்சலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் சுபாவம் அப்படி.

துளி என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு அது புதுசு. காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒட்டிக்கொள்ளும் கருவி. நாம் படித்த ஒன்று எந்த நேரத்தில் மறக்கப் போகிறது என்று அதற்குத் தெரியும். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சரியாகத் தொண்ணூறு விநாடி பாடம் சொல்லிவிட்டு அடங்கிவிடும். பல் தேய்க்கும்போது கல்லீரல், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சிறுநீரகம், தோசை வேகும் நேரத்தில் மூளைக்காய்ச்சல். படிப்பு உடம்பில் ஏறுவதே தெரியாது. ஆனால் ஏறிவிடும்.

தென்மாவட்டத்தில் இருந்த எங்கள் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நூறு மாணவர்கள். குலுக்கல் போட்டு ஐம்பது பேருக்குத் துளி, ஐம்பது பேருக்குப் பழையபடி வகுப்பு. வகுப்புக்காரர்கள் காலை எட்டு மணிக்கே போய் பெஞ்சில் உட்கார வேண்டும், பிறகு வார்டில் பேராசிரியர் பின்னாலேயே கட்டில் கட்டிலாக நடக்க வேண்டும். எங்களுக்கு வகுப்பே கிடையாது. கருவி சொல்லும்போது வார்டுக்குப் போய், அது காட்டும் நோயாளியை ஒன்றரை நிமிஷம் பார்த்துவிட்டு வந்தால் போதும். நாங்கள் அவர்களை 'பெஞ்சு' என்று கூப்பிடுவோம். அவர்கள் எங்களுக்கு வைத்த பெயர் 'சொட்டு'.

என் அறைத்தோழி ஆவுடை, பெஞ்சு. கொள்ளுப்பாட்டியின் முழுப்பெயரான ஆவுடையம்மாளை அப்படியே வைத்துவிட்டார்கள் என்று முதல் வருஷம் முழுக்கக் கிண்டல் செய்தோம். அவள் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவாள். இருவரும் ஒரே அறையில் தூங்கி எழுந்தோம். நான் மாலையில் பூப்பந்து ஆடுவேன், அவள் நோட்டில் படம் வரைந்து மாய்வாள். வருஷாவருஷம் எழுத்துத் தேர்வில் நான் எண்பத்தைந்து, அவள் ஐம்பத்தெட்டு. பாவமாக இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும், மறைப்பானேன்.

எங்களால் ஆஸ்பத்திரியே மெல்ல மாறிப்போனது. சொட்டுகள் யாராக இருந்தாலும் தொண்ணூறு விநாடிக்கு மேல் காது கொடுக்கமாட்டோம். வேண்டுமென்று செய்வதில்லை, மனசே அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிடும். சனங்கள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். வெளிநோயாளிச் சீட்டு வாங்க நிற்கும் வரிசையிலேயே ஒத்திகை நடக்கும். "தலவலிய மொதல்ல சொல்லு. மாமியாக்காரி கதைய விடு, அதுக்கெல்லாம் நேரங் கெடையாது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். கருவியைச் செய்த நிறுவனம் இதை நோயாளிகளின் ஒத்துழைப்பு என்று அறிக்கையில் எழுதிக்கொண்டது.

கடைசி வருஷ மருத்துவத் தேர்வு வந்தது. இதில் துளி ஜெயித்தால் மாநிலம் முழுவதும் வார்டு வகுப்புகளை எடுத்துவிடுவதாக அரசு முடிவு செய்திருந்தது. சென்னையிலிருந்து இதயநோய்ப் பேராசிரியர் தணிகாசலம் தேர்வாளராக வந்தார். அன்றைக்கு மட்டும் எல்லோரும் கருவியைக் கழற்றித் தட்டில் போட்டுவிட வேண்டும். ஒரே நோயாளியை ஆறு சொட்டு, ஆறு பெஞ்சு பார்க்க வேண்டும். ஆளுக்கு இருபது நிமிஷம்.

அந்த நோயாளிதான் முப்பிடாதி அக்கா. முப்பத்தாறு வயசு. ஊருக்கு வெளியே சூரியத் தகடுகளைத் துடைக்கிற வேலை. சின்ன வயசில் வந்த காய்ச்சலில் இதய வால்வு ஒன்று சுருங்கிப் போனவர். அந்த வால்வின் சத்தம் புத்தகத்தில் எழுதியிருப்பதுபோலவே கேட்கும் என்பதால் எட்டு வருஷமாக எங்கள் கல்லூரியின் நிரந்தரப் 'பரீட்சைக் கேஸ்'. மருத்துவக் கல்லூரிகளில் இப்படிச் சிலர் இருப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை கடுதாசி போகும், வந்து கட்டிலில் படுப்பார்கள். தங்கள் நோயின் பெயர் அவர்களுக்கு மனப்பாடம். பிள்ளைகள் தோற்றுவிடக் கூடாதே என்று, தேர்வாளர் திரும்பும் நேரம் பார்த்துக் கிசுகிசுத்துவிடுவார்கள். முப்பிடாதி அக்கா இங்கிலீஷிலேயே சொல்வார். "மைட்ரல் ஸ்டெனோசிஸ் தாயி. நோ ஃபெயிலியர். எழுதிக்கோ."

நான் ஐந்தாவது ஆள். வால்வின் சத்தம் தெளிவாகக் கேட்டது. அக்காவும் வழக்கம்போலக் கிசுகிசுத்தார். இரண்டும் பொருந்திப்போயின. எழுதினேன்: வால்வு சுருக்கம், இதயச் செயலிழப்பு இல்லை. நான்கு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். அன்றைய தினத்தில் அதுதான் குறைந்த நேரம்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெஞ்சுக்காரர்களில் ஐந்து பேர் முழு இருபது நிமிஷமும் உள்ளே இருந்தார்கள். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. தணிகாசலம் என்ன கேட்பாரோ என்ற பயத்தில், சொன்ன பெயருக்கு ஏற்றமாதிரி தாளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இதயத் தேர்வு என்பதால் வயிற்றை யாரும் தொடவில்லை. அக்காவும் ஒல்லியான உடம்பில் கொசுவத்தைத் தளர்த்திக் கட்டியிருந்தார்.

பன்னிரண்டாவதாகப் போனவள் ஆவுடை. இருபது நிமிஷம் ஆனது. இருபத்தைந்து ஆனது. தாழ்வாரத்தில் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முப்பத்தோராவது நிமிஷம் திரை விலகியது. அவள் கையிலிருந்த தாளில் நோயாளியின் பெயரும் வயசும் மட்டும்தான் இருந்தன.

"என்னம்மா இது? டைம் முடிஞ்சு பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு" என்றார் தணிகாசலம்.

"சார், அவங்க மாசமா இருக்காங்க. அஞ்சு மாசம்."

"யாரு?"

"முப்பிடாதி அக்கா. ரெண்டு வாரமா மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுதாம். இன்னைக்குக் காலைலேருந்து நம்ம எல்லாருக்காகவும் மல்லாக்கத்தான் படுத்திருக்காங்க சார்."

அவர் பதில் சொல்லும் முன்பே உள்ளேயிருந்து நர்ஸ் கத்தினார்.

திரைக்குப் பக்கத்தில் நின்றவள் நான்தான். ஓடினேன். அக்கா முழங்கையை ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலம். வாய் ஓரத்தில் இளஞ்சிவப்பாக நுரை. நாடியைப் பிடித்தால் தாறுமாறாக ஓடியது. என் கருவி தட்டில் கிடந்தது. ஆனால் அது நாலரை வருஷமாகச் சொட்டியதெல்லாம் என் கைக்குள் இருந்தது. யோசிக்கவே இல்லை. நிமிர்த்தி உட்கார வைத்தேன், காலைத் தொங்கவிட்டேன், ஆக்சிஜன் மாட்டினேன், நுரையீரலில் ஏறிய நீரை வடிக்கும் ஊசியை ஏற்றினேன். நான்கு காரியமும் சேர்ந்து ஒன்றரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. துளியை இன்று திட்டுகிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவது இந்த ஒன்றரை நிமிஷத்துக்காகத்தான். அதற்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

அடுத்தது, தாறுமாறான துடிப்பை அடக்கும் ஊசி. பெயர் தானாக நாக்கில் வந்தது. நர்ஸ் குப்பியை உடைத்துவிட்டார்.

"ஏட்டி, அது வேண்டாம்!" ஆவுடை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வயித்துல பிள்ள கெடக்கு!"

அந்த மருந்து கர்ப்பிணிக்குப் போகக் கூடாது. அது எனக்கும் தெரியும். கர்ப்பம் என்று சொன்னால் போதும், மாற்று மருந்தும் அளவும் எனக்குள் தயாராக இருந்தன. திரைக்கு வெளியே ஆவுடை சொன்னது என் காதிலும் விழுந்ததுதான். ஆனாலும் கை அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்த பிறகே மாற்று மருந்தின் பெயரைச் சொன்னேன். தணிகாசலம் சார் அதற்குள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து தலைமாட்டில் நின்றார். அளவைச் சரிபார்த்துத் தலையசைத்தார்.

கால் மணி நேரத்தில் உதடு சிவந்தது. அக்கா முகமூடியை விலக்கி முதலில் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

"சாரு, பிள்ள நிக்குமா?"

தணிகாசலம் சார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நிக்கும்மா. நாளன்னைக்கு அந்த வால்வை பலூன் வச்சு விரிச்சு விட்டுடுவோம். வயித்தை மூடிட்டுத்தான் எக்ஸ்ரே போடுவோம், பயப்படாதீங்க. ஆனா ஏம்மா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"யாருட்ட சாரு சொல்ல?" என்றார் அக்கா. குறையாகச் சொல்லவில்லை. "வந்த பிள்ளைகள்லாம் பரீட்சைல்லா எழுதுதாவ. பாவம், நேரமே இல்ல."

சார் எழுந்துபோய், அக்காவின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையை எடுத்து வைத்தார்.

வால்வை விரித்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பெண்குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. வால்வின் சத்தம் ஏறக்குறைய மறைந்துபோனதால் அக்காவுக்குக் கடுதாசி போவது நின்றது. "அப்பம் நான் இனிமே கேஸு இல்லியா?" என்று ஒருநாள் எங்களிடம் வந்து உண்மையிலேயே வருத்தப்பட்டார். மடியில் இருந்த பிள்ளை அதே நேரத்தில் என் ஸ்டெதஸ்கோப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அன்று நான் சிரித்த சிரிப்பை அதற்கு முன் சிரித்ததில்லை.

தேர்வு முடிவு வந்தது. சராசரியில் துளி பதினேழு மதிப்பெண் கூடுதல். மாநிலத்தில் வார்டு வகுப்புகள் எடுக்கப்பட்டன. ஆவுடை காலித் தாள் கொடுத்ததற்காகத் தோற்கடிக்கப்பட்டாள். தணிகாசலம் சார் விதியை மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. முப்பிடாதி அக்காவின் உயிர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'கணக்கில் சேர்க்கப்படாத நிகழ்வு' என்று ஒரு வரியாக இருந்தது. எனக்குத் தங்கப் பதக்கம். அதை அலமாரியில் போட்டுப் பூட்டியவள், இன்றுவரை வெளியே எடுக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து எழுதப்போகிற மறுதேர்வுக்கு ஆவுடை படித்துக்கொண்டிருந்தபோது, கேன்டீனில் வைத்து அவளிடம் கேட்டேன்.

"நீ என்னதாண்டி கேட்ட அவங்கள்ட்ட?"

"ஒண்ணுமே கேக்கலயே."

"ஒண்ணும் கேக்காமயா சொன்னாங்க?"

"சும்மா உக்காந்திருந்தேன். அவங்க மொதல்ல தகடு தொடைக்கிற வேலையச் சொன்னாங்க. பொறவு வீட்டுக்காரரப் பத்தி. பொறவு கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசல. அதுக்கப்புறம் அவங்களே சொல்லிட்டாங்க."

"பரீட்சைல வந்து சும்மா உக்காருவாளா ஒருத்தி? இதெல்லாம் உங்க புரொஃபசர் சொல்லிக் குடுத்தாரா?"

அவள் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தாள். "அவரு எங்க சொல்லிக் குடுத்தாரு? பத்து மணி வார்டு கிளாஸுக்கு அவரு என்னைக்கு ஹெப்சி பத்து மணிக்கு வந்திருக்காரு? பதினொண்ணாவும், பதினொண்ணரையாவும். அதுவரைக்கும் நாங்க கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுட்டே இருப்போம். போன் எடுத்தா சத்தம் போடுவாரு. வேற என்ன செய்ய? நோயாளியோட பேசிக்கிட்டு இருப்போம். பேச்சு தீந்துட்டா சும்மா நிப்போம். நாலு வருஷமா தெனமும் ஒரு மணி நேரம்."

நான் சிரிக்கவில்லை. நாலு வருஷம் அந்தத் தாமதத்தைச் சொல்லித்தான் நாங்கள் பெஞ்சை மட்டம்தட்டுவோம். வீணடிக்கப்படும் நேரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்றுதான் துளியின் விளம்பரமும் சொன்னது. அவளுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் ஆசிரியர் வராத நேரத்தில் நடந்திருக்கிறது. எந்தப் பாடத்திட்டத்திலும் அது இல்லை, யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

ஆவுடை மறுதேர்வில் தேறினாள். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனவள், இடமாற்றம் கேட்காமல் அங்கேயே இருந்துவிட்டாள். நான் படிப்படியாக ஏறி, துளிப் பாடங்களை எழுதும் குழுவுக்கே தலைவியானேன். பதவி ஏற்ற அன்றே தீர்மானித்துவிட்டேன், காது கொடுப்பதையும் ஒரு துளியாக்க வேண்டும் என்று.

எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். 'நோயாளி முடித்ததும், வேறு ஏதாவது உண்டா என்று கேள்' என்று ஒரு பாடம். பிள்ளைகள் சமர்த்தாக எண்பதாவது விநாடியில் "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டு எண்பத்தைந்தாவது விநாடியில் எழுந்தார்கள். 'கண்ணைப் பார்' என்று எழுதினேன். முறைத்துப் பார்த்தார்கள். ஒரு கிழவர் பயந்துபோய் வீட்டுக்கே ஓடிவிட்டார். கடைசியில் வெட்கத்தை விட்டு ஆவுடைக்குப் போன் செய்தேன்.

"இதுல சொல்லிக் குடுக்க என்ன இருக்கு? கொஞ்ச நேரம் சும்மா இருக்க விடு பிள்ளைகள" என்றாள்.

அப்படியே ஒரு வெற்றுத் துளி செய்தேன். தொண்ணூறு விநாடி. குரல் இல்லை, படம் இல்லை, கேள்வி இல்லை. நோயாளியின் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வரும். வந்தால் மற்ற எல்லாப் பாடங்களும் அடங்கிவிடும். முதல் மாதத்தில் கருவி ரிப்பேர் என்று நானூறு புகார்கள். அதற்குப் பிறகு சத்தம் குறைந்தது. இரண்டாம் வருஷம் மாவட்டங்களிலிருந்து சின்னச் சின்னச் சேதிகள் வரத் தொடங்கின. வயிற்றுவலி என்று வந்த பெண் அடி வாங்கிய கதையைச் சொன்னாள். மாத்திரையை நிறுத்திப் பல மாதமாவதை ஒருவர் ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றையும் படிக்கும்போது நான் மனசுக்குள் ஆவுடைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

போன வாரம் ஐந்தாண்டுக் கணக்கு என் மேசைக்கு வந்தது. இப்போது மாநிலத்தில் எல்லா டாக்டர்களும் கருவி அணிகிறார்கள். மறக்கப்போகிறவருக்குத்தான் துளி வரும் என்பதால், யாருக்கு எந்தத் துளி எத்தனை தடவை வந்தது என்று பார்த்தாலே யார் எதை மறப்பவர் என்று தெரிந்துவிடும். வெற்றுத் துளி எனக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்திருக்கிறது. ஆசையை அடக்க முடியாமல் ஆவுடையின் பெயரைத் தேடினேன். ஐந்து வருஷத்தில் அவளுக்கு அது ஒரு தடவைகூட வரவில்லை.

கண் கலங்கிவிட்டது. உடனே கூப்பிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம், சோற்றைப் பிசைந்துகொண்டே எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். உன்னால்தான் இத்தனை பேர் பிழைத்தார்கள், உனக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டேன் என்றேன்.

"சரி" என்றாள்.

அப்புறம் ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. நானும் வைக்கவில்லை. தட்டில் ஏதோ கரண்டி படும் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, என் வாய் தானாகத் திறந்தது.

"ஆவுடை, அன்னைக்கு அவங்க நுரையீரல்ல தண்ணி இருந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சுடி. கேட்டுட்டும் 'ஃபெயிலியர் இல்ல'ன்னு எழுதுனேன். நான் எந்திரிக்கும்போது அக்கா என் கையப் பிடிச்சாங்க. இன்னும் ஒண்ணு சொல்லணும் தாயின்னாங்க. நான் கைய உருவிட்டு வந்துட்டேன். பதினஞ்சு வருஷமா யார்ட்டயும் சொன்னதில்ல."

"தெரியும்" என்றாள் ஆவுடை.

"என்ன தெரியும்?"

"நீ கைய உருவுனது. முப்பிடாதி அக்கா அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாங்க. மொதல்ல அதத்தான் சொன்னாங்க. கேன்டீன்ல உங்கிட்ட அத மட்டும் விட்டுட்டுச் சொன்னேன்."

"தெரிஞ்சுமா நீ இவ்வளவு நாள் எங்கூடப் பேசிக்கிட்டு இருந்த? ஏண்டி ஒரு வார்த்த கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு சும்மா இருந்தேன்" என்றாள்.